பக்கப் படிக்கட்டில் ஏறுவோம்: தென் இலண்டன் நடைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடைத் தோழர்களுக்கு,

கோடைகால ஒன்றுகூடல் நடைக்கு எங்கே போவது என்ற பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது. குழுவின் வட்ஸ்அப்பைப் பார்த்தால் பெரும்பாலானோர் வேல்ஸின் ஸ்னோடன் மலைப் பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது. யாரோ ஒருவர் லீத் ஹில் என்று பெயருக்குச் சொல்லிவைக்க, "அதுவா? காரை விட்டு இறங்கினால் அரை மணி நேர வேலை. மேலே ஒரு கோபுரம் நிற்கும். நாலு படம் எடுத்துவிட்டு வரலாம். அதற்காக ஒரு கோடை நடையைச் செலவழிப்பதா?" என்று பதில் வந்தது. சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை.

நான் எடுக்கிறேன். இரண்டு வரிச் செய்தியில் அடங்காத விஷயம் என்பதால் மடலாக எழுதுகிறேன். ரூட்டிங்கிலிருந்தும் குறொய்டனிலிருந்தும் நியூ மோல்டனிலிருந்தும் எங்களைப் போலவே சனி ஞாயிறுகளில் புறப்படும் மற்றத் தமிழ்க் குழுக்களும் வாசிக்கட்டும் என்று இதைத் திறந்தே விடுகிறேன்.

முதலில் உயரக் கணக்கை முடித்துக்கொள்வோம். ஸ்னோடன் 1085 மீற்றர். லீத் ஹில் 294. போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சரே கவுண்டியில் இதைவிட உயர்ந்த நிலம் கிடையாது. தென்கிழக்கு இங்கிலாந்து முழுவதையும் எடுத்தாலும் பெர்க்‌ஷயரில் இருக்கும் வோல்பரி ஹில் ஒன்றுதான் இதை முந்துகிறது, அதுவும் 3 மீற்றரால். லீத் ஹில் தன் கோபுரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் உச்சி 313 மீற்றர்; வோல்பரி பின்னுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் 294 மீற்றரைச் "சின்னக் குன்று" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. குடாநாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாலும் இதன் பத்தில் ஒரு பங்கு மேட்டில்கூட ஏறியிருக்க மாட்டோம். இலண்டனுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு மலை சின்னதாகிவிட்டது.

கோபுரம் எப்படி வந்தது என்பது மீற்றரை விட்டு அடிக்கு மாறினால் விளங்கும். குன்று 965 அடி. ஆயிரத்துக்கு 35 அடி போதாது. குன்றின் தெற்குச் சரிவில் இருக்கும் லீத் ஹில் பிளேஸ் என்ற மாளிகையில் வாழ்ந்த றிச்சர்ட் ஹல் என்பவர் இந்தக் குறையைத் தீர்க்க நினைத்தார் என்பார்கள். 1766இல் கோபுரம் எழுந்தது. இன்று அதன் உயரம் 64 அடி. அதன் தலையில் நின்றால் கடல் மட்டத்திலிருந்து 1029 அடி.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் காசுள்ள நிலக்கிழார்கள் இப்படிக் கோபுரமும் பொய்க் கோட்டையும் கட்டுவது ஒரு மோகம். அவற்றில் பல, மதிலுக்குள் விருந்தினருக்குக் காட்டுவதற்காக எழுந்தவை. ஹல்லின் கோபுரம் வேறு வகை. வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு கல் வைத்தார். அந்தக் கல் வழிப்போக்கரை நேரே விளித்துப் பேசுகிறது: நாலாபுறமும் செழித்த நிலத்தை நீ காண்பதற்காக, தூரத்திலிருந்தே தெரியும் இந்தக் கோபுரம் றிச்சர்ட் ஹல்லின் செலவில் கட்டப்பட்டது; தன் மகிழ்ச்சிக்காக மட்டுமன்றி, அயலவர்க்கும் எல்லோருக்குமாக என்று அதன் சாரம். சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே இரண்டு அறைகளுக்குத் தளபாடம் போட்டார். ஏறி வருகிறவர்கள் பார்ப்பதற்குத் தொலைநோக்கியும் வைத்தார். 1772இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே கோபுரத்தின் அடியில் புதைத்தார்கள்.

(பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கிளைக்கதை: பக்கத்துப் பொக்ஸ் ஹில்லில் பீற்றர் லாபெலியர் என்ற இராணுவ மேஜரை 1800இல் தலைகீழாகப் புதைத்தார்கள். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, கடைசி நாளில் அது நிமிரும்போது தான் நேராக நிற்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். டோர்க்கிங் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளுக்கு இந்த மாதிரி ஆட்களில் குறைவில்லை.)

ஹல்லுக்குப் பிறகு நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம். அவர் கண் மூடியதும் கோபுரத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று. உள்ளே இருந்த சாமான்களைத் தூக்கிப் போனார்கள். கதவும் போயிற்று, யன்னலும் போயிற்று. பிறகு ஆகாத கூட்டம் அங்கே தங்கத் தொடங்கியது. அவர்களை விரட்டக் கண்ட வழி, அடித்தளத்தைக் கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. எல்லோருக்குமாக என்று எழுதிய கல் மேலே. அதன் கீழே அடைத்த வாசல். பல பத்தாண்டுகள் இந்தக் கோலத்தில்தான் கோபுரம் நின்றது. தூரத்திலிருந்து பார்க்கலாம், ஏற முடியாது.

1864இல் இன்னொருவர் வந்தார். வோட்டன் பண்ணையின் சொந்தக்காரர், வில்லியம் ஜோன் எவ்லின். 17ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பும் மரங்களைப் பற்றிப் பெரிய நூலும் எழுதிய ஜோன் எவ்லினின் குடும்பத்தவர். கோபுரத்தை மறுபடி திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தால், உள்ளே கொட்டிய சாந்து கல்லாக இறுகிக் கிடக்கிறது. குடைந்து எடுப்பது இலேசான வேலை இல்லை. அவர் கோபுரத்தின் உள்ளே போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, வெளிப்பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சிறு கோபுரத்தை எழுப்பி அதற்குள் சுழல் படிக்கட்டை வைத்தார். உச்சியில் கோட்டை மதில் போலப் பல்வரிசையும் கட்டினார்.

அடுத்த முறை போகும்போது கோபுரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். சதுரமான பெரிய உடல் ஒன்று. அதன் ஒரு மூலையில் ஒட்டிய மெலிந்த உடல் ஒன்று. எங்கள் கைப்பேசிப் படங்களில் எல்லாம் அந்த ஒட்டு, கட்டடத்தின் அழகுக்காக வைத்தது போலத் தெரியும். அது பழுது பார்த்தவர் வைத்த வழி. நாங்கள் ஏறும் 74 படிகளும் அந்த ஒட்டுக்குள்தான் இருக்கின்றன. ஒடுக்கமான படி. மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தால் கீழிருந்து ஏறுகிறவர் சுவரோடு சுவராக ஒதுங்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, "சொறி" சொல்லி வழிவிட வேண்டும். கட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. எங்களை மேலே ஏற்றுவது இரண்டாவது ஆளின் வேலை.

எங்கள் பழைய கோயில் கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர் கடைசியில் ஒரு வரி வெட்டிவைப்பது வழக்கம்: இந்தத் தர்மத்தைக் காப்பவருடைய பாதம் என் தலை மேல் என்று. விளக்குக்கு ஆடு கொடுத்த சாதாரண ஆளும் அப்படி எழுதினார், ஊரையே கொடுத்த அரசரும் அப்படி எழுதினார். கொடுப்பது ஒரு நாள் வேலை, காப்பது காலமெல்லாம் செய்ய வேண்டியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹல் தன் கல்லில் அந்தக் கடைசி வரியை எழுதவில்லை. அவர் கோபுரத்துக்கு வந்த கதி, அந்த வரி ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சாட்சி.

எவ்லினோடும் கதை முடியவில்லை. 1923இல் குன்றின் உச்சியும் கோபுரமும் நஷனல் ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தன. 1984இல் கோபுரத்தைப் பெரிதாகப் பழுது பார்த்தார்கள். இப்போது கீழே தேநீரும் கேக்கும் விற்கும் ஒரு சிறு சாளரம், இடையில் குன்றின் கதை சொல்லும் ஓர் அறை, மேலே மறுபடியும் தொலைநோக்கி. ஹல் வைத்த தொலைநோக்கியை யாரோ தூக்கிக்கொண்டு போய் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இடத்தில் வேறொன்று நிற்கிறது.

மேலே நின்றால் என்ன தெரியும்? வடக்கே இலண்டன். வெயில் நாளில் ஷார்ட் கட்டடமும் வெம்பிளி மைதானத்தின் வளைவும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கிழக்கே கட்விக்கில் இறங்கும் விமானங்கள். தெற்கே வீல்ட் என்ற பச்சைத் தாழ்நிலம். அதற்கு அப்பால் சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணாம்பு மலைத்தொடர். அந்தத் தொடரில் ஷோரம் பக்கம் ஓர் இடைவெளி. நல்ல நாளில் தொலைநோக்கியை அந்த இடைவெளிக்குத் திருப்பினால் ஆங்கிலக் கால்வாயின் கடல் மினுங்கும். நகரத்தின் நடுவும் கடலும் ஏறக்குறையச் சம தூரத்தில், இரண்டு பக்கமும் நாற்பது கிலோமீற்றர் அளவில். ஸ்னோடன் உச்சியில் எத்தனையோ நாள் முகிலைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் காட்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் ஒரே கவிழ்ந்த கூரையாக இருந்தது. மேலே சுண்ணாம்பு, கீழே களியும் மணற்கல்லும். கூரையின் நடுப்பகுதி மழையிலும் ஆற்றிலும் கரைந்து போக, வடக்கு விளிம்பு நோர்த் டவுன்ஸ் ஆகவும் தெற்கு விளிம்பு சவுத் டவுன்ஸ் ஆகவும் மிஞ்சின. லீத் ஹில் இரண்டுக்கும் இடையில் நிற்கும் பச்சை மணற்கல் வரம்பு. தலையில் தீக்கல் கலந்த கடினமான அடுக்கு இருந்ததால் அது கரையாமல் தப்பியது. மணற்கல்லுக்குள் இறங்கும் மழைநீர் கீழே களியைத் தொட்டதும் போக வழியில்லாமல் ஊற்றாக வெளியே வரும். சரிவு வழுக்கும். கார் நிறுத்தும் இடங்களில் ஒன்றுக்கு லாண்ட்ஸ்லிப், அதாவது மண்சரிவு, என்று பெயர் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். மாரியில் அந்தப் பாதையில் சப்பாத்து புதையும்போது அது ஏன் என்று இனித் தெரிந்துகொள்ளலாம்.

உயர்ந்து, நாலாபுறமும் திறந்திருக்கும் இடம் நிலம் அளப்பவர்களுக்கும் வேண்டும். 1790களில் இங்கிலாந்தை முக்கோணங்களாக அளந்தவர்கள் லீத் ஹில்லையும் ஒரு நிலையமாக வைத்தார்கள். அதே முறையை எடுத்துக்கொண்டுதான் வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கினார். எங்களில் சென்னைக்காரர்கள் பரங்கிமலையில் ஏறியிருப்பீர்கள். இரண்டு குன்றுகளும் ஒரே தொழிலில் ஈடுபட்டவை.

இனி, குன்றில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத லீத் ஹில் பிளேஸ் மாளிகைக்கு வருவோம். 1847இல் இதை மூன்றாவது ஜொசையா வெஜ்வூட் வாங்கினார். பீங்கான் தொழிலில் பேரெடுத்த குடும்பம். அவருடைய மனைவி கரோலைன், சார்ள்ஸ் டார்வினின் அக்கா. வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் றோடோடென்ட்ரன் காட்டுக்கு வித்திட்டவர் அவர்தான். தம்பி டார்வின் இங்கே வருவார். வந்தவர் பார்த்தது மண்புழுவை.

1881இல் வெளிவந்த மண்புழு நூலில் இந்த இடம் பெயரோடு வருகிறது. தான் முழுதாக நம்பும் ஒரு பெண்மணி, லீத் ஹில் பிளேஸ் பக்கத்தில் தலா ஒரு சதுர யார் அளவில் இரண்டு துண்டு நிலத்தைக் குறித்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் மண்புழுக்கள் வெளியே தள்ளிய மண்ணைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார் என்று டார்வின் எழுதுகிறார். அவர் பெயரை எழுதவில்லை. ஒரு பாய் அளவுகூட இல்லாத புல்தரை. அதில் குனிந்து, சுருள் சுருளாகக் கிடக்கும் ஈர மண்ணை எடுத்து, உலர்த்தி, நிறுத்து, குறித்து, இப்படி ஒரு வருடம். லீத் ஹில் பொதுநிலத்தில் கிடைத்த நிறையை ஏக்கர் கணக்குக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 தொன் மண்ணை மண்புழுக்கள் மேலே கொண்டு வருகின்றன என்று விடை வந்தது. கோபுரத்து உச்சியில் நின்று பதின்மூன்று கவுண்டி தெரிகிறதா என்று பழைய பேச்சை வைத்து எண்ணுகிறோம். அதே குன்றில் ஒருவர் ஒரு சதுர யாரைப் பார்த்து எவ்வளவு கண்டுபிடித்தார் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கையில் ஒரு அளவு நாடாவும் சமையலறைத் தராசும் இருந்தால் அந்தச் சோதனையை அவர்களே செய்து பார்க்கலாம்.

அதே வீட்டில் வளர்ந்த இன்னொரு பிள்ளை றால்ப் வோன் வில்லியம்ஸ், இசையமைப்பாளர். கரோலைனின் பேரன். டோர்க்கிங்கில் கிராமத்துப் பாடகர் குழுக்கள் ஒன்றுகூடும் லீத் ஹில் இசைவிழாவை 1905 முதல் 1953 வரை அவரே நடத்திவைத்தார். 1944இல் அண்ணனுக்குப் பிறகு மாளிகை அவர் பெயருக்கு வந்தது. அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. நஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். நெடுங்காலம் வாடகைக்குப் போயிருந்த வீடு 2013இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

இவ்வளவையும் சொல்வது வரலாற்று வகுப்பு எடுப்பதற்காக இல்லை. இந்தக் குன்றில் நாங்கள் நினைத்தபடி நடக்கிறோம் அல்லவா, அது தானாக வந்த உரிமை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் நிலத்தில் குறித்த பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமை இருப்பது ஏறக்குறைய 8 விழுக்காட்டில்தான். லீத் ஹில்லுக்கு மேற்கே ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில் எல்லாம் அடங்கிய ஹேட்வூட் நிலத்தை 1926இல் அதன் சொந்தக்காரர் றெஜினால்ட் பிறே, மக்கள் காற்று வாங்கவும் உலாவவும் திறந்து எழுதிவைத்தார். அந்த நிலம் இன்றும் தனியார் சொத்து. நடக்கும் உரிமை எங்களுடையது. கோபுரத்துக்கு அருகே கோல்ட்ஹாபர் கிராமத்துப் பக்கத்துக் காட்டில் எண்ணெய் தோண்டிப் பார்க்கும் திட்டம் ஒன்று வந்தபோது ஊர்க்காரர்கள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். மனு, வழக்கு, காட்டில் கூடாரம் எல்லாம் நடந்தன. 2018இல் அரசு நிலக் குத்தகையை நீட்டிக்க மறுத்ததோடு அது நின்றது. நாங்கள் இந்தச் சண்டை நடந்த காட்டு வழியாகவே நடந்து போய்த் தேநீர் குடித்தோம். எங்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது?

கோபுரத்துக்கு வடக்கே டியூக்ஸ் வொறன் என்ற பற்றை வெளி இருக்கிறது. ஆகஸ்டில் ஊதா நிறமாகப் பூக்கும் ஹீதர் செடிகள் அங்கேதான். யூலையில் முழங்கால் உயரச் செடிகளில் பில்பெரிப் பழம் பழுக்கும். கடையில் விற்கும் புளூபெரியை விடச் சின்னது. உடைத்தால் உள்ளேயும் கருநீலம். தின்ற பிள்ளைகளின் விரலும் நாக்கும் உடுப்பும் நாவற்பழம் தின்றது போல ஆகிவிடும். இந்த வெளி இயற்கையாக இப்படியே இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முன்பு ஊர் மக்கள் ஆடு மாடு மேய்த்ததாலும் விறகும் பற்றையும் வெட்டியதாலும் உண்டான நிலம் இது. மேய்ச்சல் நின்றால் காற்றில் வரும் பேர்ச் விதைகளும் பைன் விதைகளும் முளைத்து, சில ஆண்டுகளில் வெளி அடைந்துபோகும். வெளியை நம்பி நிலத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடமில்லாமல் போகும். அதனால்தான் இடுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட கலோவே மாடுகளை மேயவிட்டிருக்கிறார்கள். மாடு தின்னாமல் விட்ட கன்றுகளை மாரியில் ஆட்கள் வந்து கையால் பிடுங்குகிறார்கள், வாளால் அறுக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாத ஆட்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள்.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. கோயில் தேருக்கு வடம் பிடிக்கக் கூப்பிடாமலே வருகிறவர்கள் நாங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு வாரமும் காசு வாங்காமல் படிப்பிக்கிறவர்கள் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள். பொது வேலை எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் நாங்கள் நடக்கும் குன்றுக்கு மட்டும் விருந்தாளிகளாகவே போய்வருகிறோம். "அது வெள்ளைக்காரன்ரை பொழுதுபோக்கு, ஒரு பிரபு ஆசைக்குக் கட்டின கட்டடம், எங்களுக்கென்ன?" என்று ஒரு அண்ணா போன முறை கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது: ஹல்லின் கல்லில் அயலவர்க்கும் எல்லோருக்கும் என்று இருக்கிறது. இப்போது அந்த அயலவர்கள் நாங்கள். ரூட்டிங்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்க் குன்று என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவர்கள் பிறந்ததும் வளர்வதும் இதன் நிழலில்.

எனவே குழுவுக்கு நான் முன்வைப்பது இது.

முதலாவது, இந்தக் கோடை ஒன்றுகூடல் லீத் ஹில்லில் நடக்கட்டும். இளையவர்கள் ஸ்னோடனுக்கு இன்னொரு நாள் தாராளமாகப் போகலாம், நானும் வருவேன். ஒன்றுகூடல் என்று பெயர் வைத்துவிட்டு முழங்கால் வருத்தமுள்ளவர்களையும் கைக்குழந்தை உள்ளவர்களையும் வீட்டில் விட்டுப்போகும் நடைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இரண்டாவது, எல்லோரும் ஒரே கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறி இறங்கும் பழக்கத்தை விடுவோம். மூன்று அணியாகப் பிரிந்து கோபுரத்தடியில் சந்திப்போம். நடக்கக்கூடியவர்கள் டோர்க்கிங் ரயில் நிலையத்திலிருந்து கோல்ட்ஹாபர் வழியாக வரலாம். ஏழெட்டுக் கிலோமீற்றர், நல்ல ஏற்றம். சனிக்கிழமை என்றால் ஹோம்வூட் நிலையத்திலும் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரயில் நிற்பதில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அளவாக நடக்கக்கூடியவர்கள் றோடோடென்ட்ரன் காட்டிலிருந்து மாளிகையைச் சுற்றி ஏறட்டும். அம்மம்மாமாரும் தாத்தாமாரும் ஸ்டார்வோல் கோர்னர் என்ற இடத்திலிருந்து வரட்டும். தூரம் கொஞ்சம் கூட, ஏற்றம் குறைவு. விண்டி கேப் பக்கமாகப் படி ஏறுவதுதான் கிட்டிய வழி என்று யாராவது சொன்னால் அவர்களை நம்பிப் பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். கிட்டிய வழிதான், ஆனால் செங்குத்து. ஹேசல்மியரிலிருந்து கென்ட் வரை 174 கிலோமீற்றர் போகும் கிறீன்சாண்ட் வே என்ற நெடுவழியும் கோபுரத்தைத் தொட்டுத்தான் போகிறது. அதன் குறிகளைப் பிள்ளைகள் தேடிக்கொண்டு வரட்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் குழுவாக வேலைக்குப் போவோம். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் பற்றை வெட்டுவதில்லை. இலையுதிர்காலம் முதல் மாரி முடியும் வரைதான் வேலை. குளிர்தான், சேறுதான். ஆனால் பேர்ச் கன்று பிடுங்க எந்த அனுபவமும் தேவையில்லை. தோட்டத்தில் கோரைப்புல் பிடுங்கின கைகள் எங்கள் கைகள். நஷனல் ட்ரஸ்டின் உள்ளூர் ஊழியர்களோடு பேசி ஒரு நாளைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நான் எடுக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டை யாராவது பொறுப்பெடுங்கள். சோற்றுப் பொதி வந்தால் அங்கே வேலை செய்யும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

நான்காவது, கொஞ்சம் கசப்பு. புளூடூத் ஒலிபெருக்கி வீட்டிலேயே இருக்கட்டும். பாட்டு வேண்டுமென்றால் வாயால் பாடுங்கள், எல்லோரும் சேர்ந்துகொள்வோம். தகரத் தட்டில் வரும், ஒருமுறை பாவித்து எறியும் அடுப்பைக் குன்றுக்குக் கொண்டுவரவே கூடாது. 2020 மே மாத இறுதியில் இதே சரே கவுண்டியில் தேர்ஸ்லி பொதுநிலம் எரிந்தது; ஹீதர் வெளி பெரும் பரப்பில் கரியானது. காய்ந்த ஹீதரும் அதன் கீழிருக்கும் உக்கல் மண்ணும் பிடித்துக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. கோழிப் பொரியல் வீட்டிலிருந்து வரட்டும். வாழைப்பழத் தோலும் மண்ணில் உக்கிவிடும் என்று எறிய வேண்டாம். எறிந்த தோல் மாதக்கணக்கில் அங்கேதான் கிடக்கும்.

ஐந்தாவது, கோபுரத்தில் ஏறும் கட்டணம். நஷனல் ட்ரஸ்ட் அங்கத்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சிறு தொகை. அதைக் கொடுக்கச் சலித்துக்கொண்டு கீழேயே நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பிக் காசு. கல்லிடுக்கில் சாந்து பூசுவதற்கும் படியின் விளிம்பு தேய்ந்தால் பார்ப்பதற்கும் அந்தக் காசுதான் போகிறது. குழுப் பணத்திலிருந்து எல்லோருக்கும் கட்டிவிடலாம் என்பது என் யோசனை. 74 படி ஏற முடியாதவர்களுக்கும் சேர்த்தே கட்டுவோம்.

ஏற முடியாதவர்களைப் பற்றி ஒன்று. கோபுரத்தின் அடியிலேயே தெற்குப் பக்கம் புல்தரையும் இருக்கைகளும் உண்டு. அங்கே உட்கார்ந்தாலே வீல்ட் முழுவதும் தெரியும். கதிரை, போர்வை, தேத்தண்ணிப் போத்தல் மூன்றும் இருந்தால் பெரியவர்களுக்கு மேலே ஏறவேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகள் மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்து அவர்களுக்குச் சொல்லட்டும். உள்ளூர்க் கதையையும் சொல்லட்டும்: கீழே தெரியும் ஒக்லி கிராமத்தின் வழியாகப் போகும் நேர் றோட்டு, இலண்டனிலிருந்து சிசெஸ்டருக்கு உரோமர் போட்ட பாதை. 851இல் வெசெக்ஸ் அரசர் ஏதெல்வுல்ஃப் டேனியப் படையைத் தோற்கடித்த அக்லியா போர் அந்தப் பக்கத்தில்தான் நடந்தது என்பது இந்த ஊரவர்கள் சொல்லிவரும் கதை. போரையும் இடப்பெயர்வையும் கண்ட எங்கள் பெரியவர்களுக்கு அந்தக் கதையில் கேட்க நிறைய இருக்கும், சொல்லவும் நிறைய இருக்கும்.

யாருக்காவது மறுப்பு இருந்தால் குழுவில் எழுதுங்கள். சிரிப்புக் குறியோடு விட்டுவிடாமல் காரணத்தோடு எழுதுங்கள். உடன்பாடு என்றால் மூன்று அணிகளில் எதில் வருகிறீர்கள், மாரி வேலை நாளுக்கு வருவீர்களா, எத்தனை பேர் என்று ஒரு வரி போதும். வேலை நாளுக்குப் பத்துப் பேர் சேர்ந்தாலே நான் பேசத் தொடங்கிவிடுவேன். கையுறை கொண்டுவாருங்கள், வாள் அவர்கள் தருவார்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவர்